சேமிப்பில் சந்தோஷம் உண்டா? எங்கள் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தா வாங்கி, கடன் தவணையை வரவு வைத்து, நோட்டை மூடிய பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். “அக்கா, ஒண்ணு கேக்கட்டா?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பணம் சேர்ப்பது கஷ்டமான காரியம்தானே? அதில் சந்தோஷம் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாச் சேமிப்பிலும் அது கிடைக்காது. நோய் நொடி வந்தால் என்ன செய்வோம் என்று பயந்து ஒதுக்கும் பணம் நிம்மதி தரும். அதுவும் தேவைதான். ஆனால் அந்தப் பணத்தை நினைத்து யாரும் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. இன்னதற்கு என்று பெயர் வைத்து, இன்ன நாளில் செலவழிப்பேன் என்று குறித்துச் சேர்க்கும் பணம்தான் முகத்தை மலர வைக்கிறது.

எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். முந்திரி ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அண்டியாபீஸ் என்றுதான் ஊரில் சொல்வோம். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கன்னியாகுமரிக் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார், படகில் மட்டும் ஏறியதில்லை. 2000-ம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறந்த திருவள்ளுவர் சிலையை இத்தனை வருடமும் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் படகில் கூட்டிப் போக வேண்டும் என்று வாரம் 50 ரூபாய் தனியாக என்னிடம் கொடுத்து வைத்தார். நோட்டில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ‘போட்டு’ என்று எழுதச் சொன்னார். படகைத்தான் அப்படிச் சொல்வார்.

முப்பது வாரத்தில் 1,500 ரூபாய் சேர்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் “போட்டு எவ்வளவு ஆச்சு மக்கா?” என்று கேட்பார். சிலை 133 அடி என்று பேரன் பள்ளியில் படித்து வந்து சொன்னதை எங்களிடம் சொல்வார். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்ததும், அதில் நடக்கக் கால் நடுங்குமா என்று விசாரித்தார். போய் வந்தது ஒரே ஒரு பகல். ஆனால் அந்த ஏழு மாதமும் அவர் போய்க்கொண்டேதான் இருந்தார்.

பெயர் வைத்தால் என்ன மாறிவிடும்? எல்லாம் ஒரே துட்டுதானே?

கணக்குக்கு ஒன்றுதான், மனசுக்கு அப்படியில்லை. ‘மகள் காலேஜ் பீஸ்’ என்று எழுதிய கவரிலிருந்து சேலைக்குப் பணம் எடுக்கக் கை வராது. பெயரில்லாத கவரிலிருந்து எதற்கும் எடுப்போம். மனிதர்கள் பணத்தை இப்படி மனசுக்குள் பங்கு பிரித்து வைப்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் தேலர். அவருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஒரு முடிச்சு, பெட்டிக்கு அடியில் ஒரு முடிச்சு என்று வைத்திருந்த ஆச்சிமார் செய்ததும் இதேதான்.

வருமானமே பத்தவில்லை. இதில் எங்கே சேர்ப்பது, எங்கே சந்தோஷப்படுவது?

அரிசிக்கும் மருந்துக்கும் பஸ் கூலிக்கும் போக ஒன்றும் மிஞ்சாத வீட்டில், சேர்க்காதது யாருடைய தப்பும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். தயவுசெய்து குனிய வேண்டாம்.

முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள். வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்களா? நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் மாதம் பத்து ரூபாய், வருடத்துக்கு 120. எந்த வங்கியும் தபால் நிலையமும் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. அதனால் கையில் வரும் முதல் உபரிப் பணம் கடனுக்குத்தான் போக வேண்டும். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். முடிந்தால் குழுக் கடனையோ வங்கி நகைக்கடனையோ வாங்கி அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

கடன் அடைப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. 20,000 ரூபாய் கடன் என்றால், ஒரு அட்டையில் நாற்பது கட்டம் போட்டு, 500 கட்டக் கட்ட ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடிப்போம். கடைசி நாலைந்து கட்டம் வரும்போது வீட்டில் இருக்கும் பிள்ளைகள்கூட “நான் அடிக்கேன்” என்று சண்டை போடுவார்கள்.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் இல்லை. கடல் தொழில், ரப்பர். எப்படி ஒழுங்காகச் சேர்ப்பது?

நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. மாதம் இவ்வளவு என்று நியமம் வைத்தால் மூன்றாம் மாதமே உடைந்துபோகும், அப்புறம் மனசு விட்டுப்போகும். வருமானம் வரும் பருவத்தை வைத்துத்தான் நியமம் போட வேண்டும்.

கடலை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதம். சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எப்படியும் 61 நாள். தேதி முன்கூட்டியே தெரிந்த பஞ்சம் இது. அதனால் ‘தடைக்காலம்’ என்றே ஒரு உண்டியலுக்குப் பெயர் வையுங்கள். தினமும் இவ்வளவு என்று வேண்டாம். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் பத்தில் ஒரு பங்கு, வெறுங்கையோடு வந்த நாளில் ஒன்றுமில்லை. மீன்வளத் துறையின் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போட்டு, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும். மீனவப் பெண்களுக்குத் தனியாக உண்டு. போட்டதற்கு இரண்டு மடங்கு கூடுதலாக வேறு எங்கும் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.

ரப்பர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. தை, மாசியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது பால்வெட்டு நிற்கும். ஆனி, ஆடி மழையில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாவிட்டால் அப்போதும் நிற்கும். எங்கள் பக்கம் கொஞ்சம் மரம் உள்ளவர்கள் புகை போட்ட ரப்பர் ஷீட்டைப் பரணில் அடுக்கி வைத்து, பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் விற்பார்கள். இதுவும் சேமிப்புதான், கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய சேமிப்பு. ஈரத்தில் பூசணம் பிடிக்கும், விலையும் இறங்கும் என்பதால் எல்லாவற்றையும் பரணிலேயே வைக்க வேண்டாம். பாதியை விற்று வங்கியில் போடுங்கள். ஒட்டுப்பால் (மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால்) விற்ற காசு மட்டும் வீட்டுப் பெண்களுக்கு என்று சில குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. சின்னத் தொகைதான், ஆனால் கணக்குக் கேட்க ஆளில்லாத தொகை. அந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உண்டியலா, வங்கியா?

இரண்டும். உண்டியலில் வட்டி இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. காசு விழும் சத்தத்தைப் பாஸ் புத்தகம் தராது.

என் ஆச்சி காசைச் சக்கரம் என்றுதான் கடைசிவரை சொன்னாள். நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்து வார்த்தை அது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அவள் வாயில் சக்கரம் மாறவில்லை. மண்டைக்காடு கோயில் திருவிழாவான கொடைக்குப் போனால் மண் உண்டியல் வாங்காமல் திரும்ப மாட்டாள். அது போக, உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி. பல சபைகளில் பெண்கள் அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள், இன்றும் நடக்கிறது. ஆச்சி பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வாள். உலையில் ஒரு பிடி குறைந்தது வீட்டில் யாருக்கும் தெரிந்ததே இல்லை.

உண்டியலின் பலம், எடுக்க முடியாது என்பதுதான். பிலிப்பைன்ஸில் மின்டனாவோ தீவில் ஒரு வங்கி வாடிக்கையாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தானே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கு ஒன்றை ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுக்க முன்வந்தார்கள். 28 சதவீதம் பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து, அந்த வாய்ப்பு தரப்பட்ட குழுவின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஆட்கள் விரும்பியே வருகிறார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

உண்டியல் நிறைந்ததும் அதை வங்கியிலோ தபால் நிலையத்திலோ போட்டுவிடுங்கள். வங்கி முறிந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது.

விளையாட்டு மாதிரிச் சேர்க்க ஏதாவது வழி இருக்கா?

எங்கள் குழுவில் 52 வார ஆட்டம் ஆடினோம். முதல் வாரம் 10 ரூபாய், இரண்டாம் வாரம் 20, மூன்றாம் வாரம் 30. கடைசி வாரம் 520. மொத்தம் 13,780 ரூபாய். முதல் வருடம் பாதிப் பேர் நாற்பதாவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள். ஜனவரியில் தொடங்கியதால் பெரிய தொகையெல்லாம் கிறிஸ்துமஸ் செலவோடு வந்து மோதியது. அடுத்த வருடம் 520-ல் தொடங்கி இறங்குமுகமாக வந்தோம். ஒருத்திக்கு அதுவும் ஒத்துவரவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். 52 தொகையையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, அந்த வாரம் கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்க ஒன்றை அடித்தாள். மீன் நன்றாக விற்ற வாரம் 480, அடைமழை வாரம் 10. அந்த வருடம் முழுசாக முடித்தவள் அவள்தான். இப்போது எல்லோரும் அவள் வழியில்தான் போடுகிறோம்.

தினமும் முதல் நாள் 1 ரூபாய், இரண்டாம் நாள் 2 ரூபாய் என்று 365 நாள் போட்டால் 66,795 வரும். கேட்க நன்றாக இருக்கும். கடைசி மாதத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் போட வேண்டி வரும், அதனால் நான் சிபாரிசு செய்வதில்லை.

தனியாகச் சேர்ப்பது நல்லதா, குழுவாகச் சேர்ப்பதா?

பெரும் தொகை தனியாக இருக்கட்டும். பழக்கம் குழுவிலிருந்து வரட்டும். 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கின, 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. கடன் கிடைக்கும் என்றுதான் பலர் சேருகிறார்கள். வருடக்கணக்காக நீடிப்பது வேறு காரணத்துக்கு. ஒரு வாரம் நீ வராவிட்டால் நாலு பேர் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அப்படிக் கேட்க ஆள் இருப்பது எத்தனை பெரிய பாக்கியம் என்று அது இல்லாத பெண்களுக்குத் தெரியும்.

சீட்டு போடலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே அடி விழுந்திருக்கிறது.

ஏலச்சீட்டு எப்படி என்று முதலில் பார்ப்போம். இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம். மாதா மாதம் ஒரு லட்சம் சேரும். அவசரம் உள்ளவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25,000-ல் நடத்துபவரின் கமிஷன் போக மிச்சம் இருபது பேருக்கும் பிரியும். கமிஷன் 5,000 என்றால் ஆளுக்கு 1,000. அந்த மாதம் நீங்கள் 4,000 கட்டினால் போதும். பொறுத்திருப்பவருக்கு லாபம், அவசரக்காரருக்குக் கடன். ஏலத்தன்று ஒரு விறுவிறுப்பு இருக்கும், பேச்சும் சிரிப்பும் இருக்கும். சீட்டை எல்லோரும் விரும்புவது அதனால்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாம் நடத்துபவரின் நாணயத்தில் தொங்குகிறது. பல வருடம் முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் நடத்திய பதிவில்லாத சீட்டில் சேர்ந்தேன். பதினான்கு மாதம் கட்டினேன். ஒரு நாள் காலையில் வீடு பூட்டிக் கிடந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணம். என்னிடம் இருந்தது கையால் எழுதிய ஒரு சின்ன நோட்டு மட்டும். பணம் போனதைவிட, அதற்கப்புறம் இரண்டு வருடம் எதையும் சேர்க்கவே மனம் வரவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

1982-ம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி, சீட்டு தொடங்குமுன் பதிவுத் துறையில் சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்ட வேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இது 2019-ல் 5-லிருந்து உயர்த்தப்பட்டது. ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். “நம்ம ஆள்தானே, இதுக்கெல்லாம் எதுக்கு?” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

நகைக் கடைச் சீட்டு?

தங்கம்தான் வாங்கப் போகிறீர்கள், எந்தக் கடையில் என்றும் தெரியும் என்றால் சரி. பதினோரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனிகள் பொருளுக்காக முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. செய்கூலி, சேதாரத்தில் என்ன சலுகை, பணமாகத் திரும்பக் கிடைக்குமா என்று சேருமுன் எழுத்தில் கேளுங்கள்.

மாதா மாதம் வரும் 1,000 ரூபாய் உரிமைத்தொகையை என்ன செய்யலாம்?

செலவுக்குத் தேவைப்படாவிட்டால் அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். 6.7 சதவீத வட்டிக்கு, மாதம் 1,000 வீதம் ஐந்து வருடத்தில் கட்டியது 60,000, கிடைப்பது சுமார் 71,000. பத்து வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் செல்வமகள் திட்டம் இன்னும் நல்லது. வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 வருடத்தில் முதிரும், 18 வயதில் படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், அதனால் போடும் அன்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்கிறார். அனுப்புவதெல்லாம் கரைந்துவிடுகிறது. என்ன செய்ய?

முதலில் அவருக்கும் உங்களுக்கும் ஒரே கனவா என்று பேசிப் பாருங்கள். அவர் வீடு கட்ட என்று அனுப்புவார், இங்கே அது கல்யாணமும் மொய்யும் ஆஸ்பத்திரியுமாகப் போகும். இரண்டு வருடம் கழித்து வந்து கணக்குக் கேட்டால் இருவருக்கும் வருத்தம்தான் மிஞ்சும். வந்த அன்றே மூன்றாகப் பிரித்து, எந்தப் பங்கில் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை போனில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் மைனி அப்படித்தான் செய்தாள். “நீ வாசிக்கும்போதுதான் நான் இங்க எதுக்குக் கிடக்கேன்னு தெரியுது” என்று அண்ணன் சொன்னானாம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) வைத்தால் அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகப் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கோ (பிபிஎப்) அஞ்சலகச் சேமிப்போ தொடங்க முடியாது. நீங்கள் இங்கே இருப்பதால் உங்கள் பெயரில் தொடங்கலாம்.

சேர்க்க ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் கஞ்சப் பிசினாறி என்கிறார்களே?

வலிக்கும், எனக்கும் வலித்திருக்கிறது. ஆனால் ஒன்றை நாமே நேர்மையாகப் பார்க்க வேண்டும். வருகிறவருக்கு ஒரு டம்ளர் கட்டன்சாயா கொடுக்கத் தயங்கினால், பிள்ளை கேட்ட சிப்ஸுக்கு முகம் சுளித்தால், அது சேமிப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. அதனால்தான் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் ஸ்டாருக்கும், ஓணத்துக்கும், கொடைக்கும் முன்கூட்டியே ஒரு உண்டியல் போடச் சொல்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் கொண்டாடுகிறவர் தாராளமாகச் செய்வார். கடன் வாங்கிக் கொண்டாடுகிறவர்தான் விருந்தின் நடுவில் கணக்குப் பார்ப்பார்.

உண்டியலை எப்போது உடைக்கலாம்?

குறித்த நாளில். அவசரம் வந்தால் முன்னாலும் உடைக்கலாம், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒகி புயல் வந்த 2017-ல் எங்கள் குழுவில் மட்டும் எத்தனையோ உண்டியல் உடைந்தது. கூரை போன வீட்டுக்கு அந்தக் காசில்தான் ஓடு வந்தது. குறித்த நாள் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. பேத்திக்கு என்று சேர்த்த பாவாடைத் துணிக் காசை, பேத்தி தாவணி வயதுக்கு வந்த பிறகும் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடைக்கும்போது தனியாக உடைக்காதீர்கள். பாயை விரித்து, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, நாணயத்தைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள். எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

‘போட்டு’ பக்கத்துக்குக் கணக்கு முடித்துக் கோடு போட்ட அன்றே அந்த மூத்த அக்கா இன்னொரு பக்கம் கேட்டார். என்ன பெயர் எழுத என்றேன். பேரனைப் பார்த்தார். திருவனந்தபுரம் மிருகசாலைக்கு ரயிலில் போக வேண்டுமாம். ‘ரயிலு’ என்று எழுதியிருக்கிறேன். வாரம் 50-ஐ அவரே 60 ஆக்கிவிட்டார்.